14 நாள் வீட்டுக்குள்ள இருக்க சொன்னீங்க, அந்த 14 நாள் கூலிய யார் குடுத்தா?

கொரோனான்னு பேச்செடுத்தாலே இப்பல்லாம் ஆளுங்க எந்திரிச்சு போயிடறாங்க. எங்க அம்மாவே "அந்த கண்றாவிய ஏன்டி திரும்ப கெளர்ற"ன்னுதான் சொல்லுவாங்க. புரியுது, எல்லார் வீட்லயும் ஒரு எழவோ ஒரு கடனோ அந்த ரெண்டு வருஷத்துலதான் வந்துச்சு, யாருக்கும் திரும்ப நெனைக்க மனசு வரல. ஆனா எனக்கு ஒரு விஷயம் மட்டும் இன்னும் ஆறவே இல்ல, அதான் எழுதறேன்.

லாக்டவுன் சரியா தப்பாங்கற சண்டை இல்ல இது. தனிமைப்படுத்தறது வேணும்தான். காய்ச்சல் தெரியறதுக்கு முன்னாடியே அடுத்தவங்களுக்கு தொத்திக்கற நோய் அது, 2020ல தடுப்பூசி கெடையாது, ஆளை ஆள் விட்டு விலக்கி வெக்கறத தவிர கையில வேற என்ன இருந்துச்சு? என் கேள்வி அதோட செலவு பத்தி. ஊர் நல்லா இருக்கணும்னு ஒரு குடும்பத்தை உள்ள இருக்க சொல்றோம், கதவுல ஸ்டிக்கர் ஒட்டறோம், தெருவுல கயிறு கட்டறோம், சரி, அத்தன நாளும் அந்த குடும்பம் எதை தின்னும்? பால் யார் வாங்கி குடுப்பா, மாத்திரை யார் வாங்கி குடுப்பா, போன கூலி யார் தருவா? இதை அன்னிக்கு யாரும் கேக்கல, கேட்டவங்களுக்கும் பதில் வரல.

எங்க ஊரு பொறையாருக்கு பக்கம். நண்டலாறு தாண்டுனா காரைக்கால், அது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தை சேந்தது. எங்க பாட்டி சின்ன புள்ளையா இருந்தப்ப அது பிரெஞ்சுக்காரன் எல்லை, 1954 நவம்பர் 1ம் தேதிதான் அது நம்ம பக்கம் வந்துச்சு, அதுக்கப்பறம் எங்களுக்கு அது வேற மாநிலம்ங்கற நெனப்பே கெடையாது. பொண்ணு குடுக்கறது எடுக்கறது, துணி எடுக்கறது, பல்லு புடுங்கறது, பிரசவம், எல்லாத்துக்கும் காரைக்கால்தான். இன்னொண்ணும் சொல்லணும், வெளியூர்க்காரங்களுக்கு இது தெரியாது. நாங்க அப்ப நாகப்பட்டினம் மாவட்டம். அந்த மாவட்டமே நடுவுல காரைக்கால் பூந்து ரெண்டு துண்டா கெடந்த மாவட்டம், எங்க ஊர்லேந்து நாகை கலெக்டர் ஆபீஸ் போறதுன்னா காரைக்காலுக்குள்ள நுழைஞ்சு, திருமலைராயன்பட்டினம் தாண்டி, வாஞ்சூர்ல வெளிய வந்து, நாகூர் வழியா போகணும், இல்லன்னா பேரளம் பக்கமா சுத்திக்கிட்டு போகணும். அதாவது எங்க சொந்த மாவட்ட தலைநகருக்கு நேர் ரோட்ல போக இன்னொரு யூனியன் பிரதேசத்துக்குள்ள போய்ட்டு வரணும்.

2020 மார்ச் 24ம் தேதி காலைல சட்டசபைல மயிலாடுதுறை தனி மாவட்டம்னு முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவிச்சாரு. எத்தனையோ வருஷமா மாயவரத்துக்காரங்க கேட்டுக்கிட்டு இருந்தது அது. அன்னிக்கு சாயங்காலம் 6 மணிக்கு 144 வந்துருச்சு, ராத்திரி பிரதமர் டிவில வந்து நாடு முழுக்க 21 நாள்னு சொல்லிட்டாரு, வெடி போட நெனச்சவன் கூட வீட்டுக்குள்ள போய்ட்டான். மாவட்டம் நெசமா பிரிஞ்சது டிசம்பர் 28லதான். அது வரைக்கும் ரெண்டு துண்டாத்தான் இருந்தோம், அந்த நடு துண்டோட எல்லைய மூடிட்டாங்க.

நான் மெட்ராஸ்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தேன், வீட்லேந்தே வேலைன்னு ஆபீஸ்ல சொன்ன உடனே ஊருக்கு வந்துட்டேன். தெருவுல லேப்டாப் இருந்தது எங்க வீட்லதான், அதனால இ-பாஸ், அதாவது ஊர் விட்டு ஊர் போக ஆன்லைன்ல வாங்கற அனுமதி சீட்டு, எழுதிக் குடுக்கற வேலை தானா எங்கிட்ட வந்துருச்சு. கல்யாணம், மருத்துவம், சாவு, வெளியூர்ல மாட்டிக்கிட்டவங்க, இப்படி சில காரணம்தான் அதுல இருக்கும். ஆதார் கேக்கும், போன் நம்பர் போட்டா ஓடிபி வரும், வண்டி நம்பர் கேக்கும், அப்பறம் காரணத்துக்கு ஆதாரம்னு ஒரு காயிதத்தை போட்டோ எடுத்து ஏத்தணும். கல்யாணத்துக்கு பத்திரிகை இருக்கு. ஆஸ்பத்திரிக்கு டாக்டர் சீட்டு இருக்கு. சாவுக்கு என்ன இருக்கும்? மத்தியானம் உயிர் போயி சாயங்காலம் எடுக்கப்போறாங்கன்னா அதுக்குள்ள இறப்பு சான்றிதழுக்கு எங்க போறது, விஏஓகிட்ட ஒரு கடுதாசி வாங்கி அதை ஏத்துவோம், சில சமயம் வரும், சில சமயம் "நிராகரிக்கப்பட்டது"ன்னு ஒரு மெசேஜ் மட்டும் வரும், ஏன்னு இருக்காது. திண்ணையில உக்காந்து அழுதுகிட்டு இருக்கற அம்மாகிட்ட "இன்னொரு தடவ போட்டு பாக்கறேம்மா"ன்னு சொல்லிட்டு திரும்ப அதே ஓடிபிக்கு காத்துக்கிட்டு இருப்பேன். ஊருக்கு வெளிய அதுக்குள்ள புரோக்கருங்க வேற கெளம்பிட்டாங்க, காசு குடுத்தா பாஸ் வருது, சொந்தமா போட்டா வரல. ஆகஸ்ட் 17லேந்து போட்ட உடனே பாஸ்னு மாத்துனாங்க, செப்டம்பர் 1ல மாவட்டத்துக்கு மாவட்டம் இ-பாஸே வேணாம்னு எடுத்துட்டாங்க. அதுக்குள்ள எவ்வளவோ நடந்து போச்சு.

நடுவுல மண்டலம்னு ஒண்ணு வந்துச்சு ஞாபகம் இருக்கா? ஜூன் 1லேந்து தமிழ்நாட்டை எட்டா பிரிச்சாங்க. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி, அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டை ஒரு மண்டலம், அதுக்குள்ள பாஸ் இல்லாம போலாம். கடலூர் வேற மண்டலம். சரி, பேப்பர்ல பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா சீர்காழிக்காரங்களுக்கு சிதம்பரம்தான் ஆஸ்பத்திரி, கொள்ளிடம் பாலம் தாண்டுனா ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜ், காலங்காலமா அங்கதான் போவாங்க, அந்த பாலத்துல இப்ப பாஸ் கேட்டாங்க. திருச்சிக்கு பாஸ் வேணாம், பாலத்துக்கு அந்தாண்ட இருக்கற ஆஸ்பத்திரிக்கு பாஸ் வேணும். அப்பறம் ஜூன் 25லேந்து மண்டலமும் போச்சு, மாவட்டம் தாண்டவே பாஸ்னு ஆச்சு, மாயவரத்துலேந்து கும்பகோணம் போறதுக்கே பாஸ். ஜூலை 1லேந்து பஸ்ஸும் நின்னு போச்சு. அந்த நேரத்துல நாகை மாவட்டத்துல மெடிக்கல் காலேஜே கெடையாது, 2022 ஜனவரிலதான் நாகப்பட்டினத்துல தொறந்தாங்க, பெரிய வைத்தியம்னா திருவாரூரோ தஞ்சாவூரோ போகணும். கோட்டை கோட்டையா வெச்சு நோயை நிறுத்த பாத்தாங்க, நோக்கம் தப்பில்ல. ஆனா ஜனங்க எந்த ஆஸ்பத்திரிக்கு போறாங்க, எந்த சந்தைக்கு போறாங்கன்னு பாத்து போட்ட கோடு இல்ல அது, ரெவின்யூ மேப்பை பாத்து போட்ட கோடு.

எங்க அத்தை காரைக்கால்ல கட்டிக்குடுத்தவங்க, அந்த ஏப்ரல்ல மாமா இறந்துட்டாரு. நெஞ்சு வலி, கொரோனா இல்ல. எங்க வீட்லேந்து வண்டில போனா டீ ஆறதுக்குள்ள போயிடலாம், அவ்வளவு பக்கம். அப்பா கூடப்பொறந்தவ வீட்டு சாவுக்கு கோடித்துணி எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாங்க, எல்லைல நிறுத்திட்டாங்க. இந்த பக்கத்து பாஸ் இருக்கான்னாங்க, அது இருந்தாலும் அந்த பக்கத்துக்காரங்க அனுமதி வேற வேணும்னாங்க. அங்க நின்ன போலீஸ்கார தம்பியும் பாவம்தான், வெயில்ல நிக்கறாரு, "ஐயா எனக்கும் புரியுதுங்கய்யா, விட்டா எனக்கு மெமோ"ங்கறாரு. அப்பா தடுப்புக்கு இந்தாண்ட நின்னாங்க, அத்தையோட கொழுந்தனார் அந்தாண்ட வந்து துணிய வாங்கிக்கிட்டு போனாரு. பொறந்த வீட்டு கோடி அப்படித்தான் போச்சு. அப்பா அதுக்கப்பறம் இதை பத்தி ஒரு வார்த்தை பேசல, நான்தான் பேசறேன்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன்.

எங்க வயலுக்கு நடவுக்கும் களை எடுக்கவும் வர்ற அக்கா ஒருத்தங்க, பேரு வேணாம். அவங்க வீட்டுக்காரர் கோயம்பேடு மார்க்கெட்ல மூட்டை தூக்குறவரு. ஏப்ரல் கடைசில கோயம்பேட்ல நோய் பரவுதுன்னு நியூஸ் வந்துச்சு, மே 5ம் தேதி மார்க்கெட்டை மூடிட்டாங்க, வேலை செஞ்சவங்கல்லாம் லாரி புடிச்சு ஊருக்கு வந்தாங்க. அரியலூர், கடலூர் பக்கமெல்லாம் அப்பதான் எண்ணிக்கை சரசரன்னு ஏறுச்சு. இவரும் வந்தாரு. வந்த அன்னிக்கே ஹெல்த் இன்ஸ்பெக்டரும் ஊராட்சி செயலரும் வந்து அவரை ஸ்கூல் கட்டடத்துல வெச்சாங்க, குடும்பத்தை வீட்லயே வெச்சு ஸ்டிக்கர் ஒட்டி, தெரு முனைல சவுக்கு கட்டை கட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுட்டு போய்ட்டாங்க. செஞ்சது சரிதான். மறுநாள் லேந்துதான் பிரச்சினை.

ரேஷன் அரிசி இருந்துச்சு. அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன், ஏப்ரல்லேந்து அரிசி பருப்பு எண்ணெய் சக்கரை எல்லாம் இலவசமா குடுத்தாங்க, அரிசி கார்டுக்கு 1000 ரூபாயும் குடுத்தாங்க, தமிழ்நாட்டு ரேஷன் கடை இல்லன்னா அந்த வருஷம் எத்தனை வீட்ல அடுப்பு எரிஞ்சிருக்காது. ஆனா அது எல்லா அரிசி கார்டுக்கும் குடுத்தது. கூலிக்கு போக முடிஞ்ச வீட்டுக்கும் 1000, வாசல்ல கயிறு கட்டுன வீட்டுக்கும் 1000. அந்த அக்காவுக்கு வெளிய போக முடியாது, வெறகு இல்ல, கேஸ் தீந்துருச்சு, மாமியாருக்கு சக்கரை மாத்திரை தீந்துருச்சு, கைக்குழந்தைக்கு பால் வேணும். இதோட குழு லோன். ரிசர்வ் பேங்க் மார்ச் 27ம் தேதியே மூணு மாசம் தவணை கட்ட வேணாம்னு சொன்னுச்சு, அப்பறம் ஆகஸ்ட் வரைக்கும் நீட்டுச்சு, ஆனா இங்க போன்ல "இப்ப கட்டலன்னா வட்டி ஏறும் பாத்துக்க"ன்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. வாசல்ல யாரும் வரல, போன் மட்டும் வந்துச்சு.

அங்கன்வாடி டீச்சரும் வில்லேஜ் நர்ஸும்தான் அந்த குடும்பத்தை காப்பாத்துனாங்க. நர்ஸம்மா தினம் ஜுரம் பாக்க வர்றப்ப மாத்திரைய கையோட வாங்கிட்டு வருவாங்க, டீச்சர் சத்துமாவு பாக்கெட்டையும் பாலையும் கயிறுக்கு வெளிய வெச்சுட்டு கூப்ட்டு சொல்லிட்டு போவாங்க, நாங்க கொல்லை முருங்கக்கீரை, தேங்கா, கொஞ்சம் உளுந்துன்னு வெச்சோம். எனக்கு தெரிஞ்சு இதை யாரும் உத்தரவுக்காக செய்யல. அவங்கவங்க மனசுல இருந்தது. மனசு இல்லாத ஊர்ல என்ன ஆயிருக்கும்? கேரளால ஊராட்சிக்கு ஊராட்சி சமூக சமையல்கூடம் வெச்சு குடும்பஸ்ரீ மகளிர் குழு பொண்ணுங்க பொட்டலம் கட்டி குடுத்தாங்க. இங்க அந்த மாதிரி எங்க தெரு வரைக்கும் வரல.

நான் ஒரு சின்ன கணக்கு போட்டு பாத்தேன். 2020-21ல தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலை கூலி ஒரு நாளைக்கு 256 ரூபா. 14 நாளைக்கு 3584 ரூபா. ஒரு குடும்பத்துக்கு அவ்வளவுதான். நடவு கூலி அதை விட அதிகம், அது கூட வேணாம், அரசாங்கம் தானே நிர்ணயிச்ச கூலிய குடுத்திருந்தா போதும். வேலை அட்டை எல்லார் கிட்டயும் இருக்கு, பேங்க் கணக்கு இருக்கு, தனிமைப்படுத்தின வீட்டு லிஸ்ட்டு ஊராட்சில இருக்கு, ஊருக்காக உள்ள உக்காந்திருக்கறதும் ஊர் வேலைதான்னு எண்ணி மஸ்டர்ரோல்ல ஏத்தி இருந்தா முடிஞ்சுது. ஏரி தூர் வாருனா கூலி உண்டு, நோய் பரவாம தடுத்தா கூலி இல்லையா?

இது ஒண்ணும் உலகத்துல இல்லாத யோசனை இல்ல. நம்ம டெல்டால வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர் மலேசியாவுல இருக்காங்க, அவங்களை கேட்டா தெரியும். சிங்கப்பூர்ல குவாரன்டைன் ஆர்டர் போட்டா, சுயதொழில் பண்றவங்களுக்கும் ஆளை சம்பளத்தோட விட்ட முதலாளிக்கும் நாளுக்கு 100 வெள்ளின்னு அரசாங்கமே ஒரு படி வெச்சிருந்துச்சு. அதே ஊர்லதான் 2020 ஏப்ரல்ல வெளிநாட்டு தொழிலாளர் விடுதிங்களை மூடி ஒரே ரூம்ல அத்தன பேரை வெச்சாங்க, நம்ம புள்ளைங்க எத்தனையோ பேர் அங்க மாட்டிக்கிட்டாங்க, அதையும் சேத்துத்தான் சொல்றேன். அந்த ஊர் எல்லாத்துலயும் ஒழுங்குன்னு சொல்ல வரல. உள்ள வெச்சா காசு குடுக்கணும்ங்கற எண்ணம் அங்க அரசாங்க ஏற்பாட்டுலயே இருந்துச்சு, அது இங்க இல்ல, அவ்வளவுதான்.

எங்க தம்பி கோலாலம்பூர்ல ஒரு சாப்பாட்டு கடைல வேலை பாத்தான். மார்ச் 18ல அங்க நடமாட்ட கட்டுப்பாடு வந்துச்சு, கடைய மூடிட்டாங்க, சம்பளம் நின்னு போச்சு. இங்க வர்றதுக்கு பிளைட்டே இல்ல, மே 7லேந்து வந்தே பாரத் பிளைட்டுன்னு விட ஆரம்பிச்சாங்க, தூதரகத்துல பேர் குடுத்து ஜூலைலதான் அவனுக்கு எடம் கெடச்சுது. அந்த டிக்கெட் இலவசம்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, இல்ல, காசு நாமதான் குடுக்கணும், கூட இருந்தவங்ககிட்ட கடன் வாங்கித்தான் ஏறுனான். திருச்சில எறங்குன உடனே அப்படியே பஸ்ல ஏத்தி ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல வெச்சாங்க. காசு உள்ளவங்க ஓட்டலுக்கு போலாம், இல்லாதவங்க காலேஜ். மொத ஒரு வாரம் அங்க, அப்பறம் ஒரு வாரம் வீட்ல, அதான் அப்ப ரூலு. ஹாஸ்டல்ல சாப்பாடு குடுத்தாங்க, குறை சொல்ல மாட்டேன். கக்கூஸ்தான் ஒரு மாடிக்கே ஒண்ணுன்னான், ஒருத்தருக்கொருத்தர் ஒட்டக்கூடாதுன்னு கொண்டு போயி வெச்ச எடத்துல வாளி ஒண்ணு.

இவன் சொன்னதை கேட்டுட்டு பாட்டி ஒரு கதை சொன்னாங்க. தாத்தா அந்த காலத்துல நாகப்பட்டினத்துலேந்து ரஜூலா கப்பல்ல டெக் டிக்கெட் எடுத்து பினாங்கு போனவரு. கப்பல்ல அம்மையோ காலராவோன்னு சந்தேகம் வந்தா டெக்குல வந்தவங்களை கரைக்கே விட மாட்டாங்களாம், ஜெரஜாக் தீவுல எறக்கி வெச்சுருவாங்களாம், துணிமணிய வேக வெச்சு குடுப்பாங்களாம். மேல கேபின்ல வந்த தொரைங்க நேரா எறங்கி போயிடுவாங்கன்னு தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாராம். தாத்தாவுக்கு தீவு, பேரனுக்கு ஹாஸ்டல். ஓட்டலுக்கு காசு இருந்தவன் தனி ரூம்ல தனி பாத்ரூமோட இருந்தான்ங்கறதை கேட்டப்ப எனக்கு பாட்டி சொன்ன அந்த கேபின்காரங்கதான் கண்ணுல வந்தாங்க.

தம்பி வீட்டுக்கு வந்தப்ப டெஸ்ட்ல நெகட்டிவ். ஆனாலும் மீதி ஒரு வாரம் உண்டு, ஸ்டிக்கர் ஒட்டுனாங்க, "தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதே"ன்னு. மாடி ரூம்ல அவன் தனியா, கீழ நாங்க. அந்த ஸ்டிக்கர் என்ன பண்ணும்னு எனக்கு அப்பதான் நெசமா புரிஞ்சுது. எங்க வீட்ல ரெண்டு கறவை மாடு, அம்மா காலைல சாயங்காலம் சொசைட்டிக்கு பால் ஊத்துவாங்க. அந்த வாரம் எங்க பாலை வாங்க மாட்டேன்னுட்டாங்க. யாரும் கெட்ட வார்த்தை சொல்லல, "ஸ்டிக்கர் எடுக்கற வரைக்கும் வேணாங்கக்கா, மத்தவங்க கேக்கறாங்க"ன்னுதான் சொன்னாங்க. மாடு ஸ்டிக்கரை பாத்து கறக்காம இருக்குமா, காலைல மடி கட்டி கத்துது, அம்மா கறந்து கறந்து கன்னுக்குட்டிக்கு விட்டது போக மீதிய தயிராக்கி, அதுவும் யாரும் வாங்க மாட்டாங்க, கடைசில கொல்லைல தென்னைக்கு ஊத்துனாங்க. பால் காசுதான் எங்க வீட்ல வாரா வாரம் கைல பொழங்கற காசு. அப்ப தான் மேட்டூர் வேற எட்டு வருஷத்துக்கு அப்பறம் சரியா ஜூன் 12ல தொறந்து, தண்ணி கடைமடை வரைக்கும் வந்து, நாத்து தயாரா நிக்குது, குறுவை நடவுக்கு ஆள் கூப்ட்டா ஸ்டிக்கர் ஒட்டுன வீட்டு வயலுக்கு வர யோசிக்கறாங்க. நாத்துக்கு வயசு ஏறிக்கிட்டே போவுது, அப்பா வரப்புல போயி நின்னு நின்னு பாத்துட்டு வர்றாங்க. இத்தனைக்கும் வீட்ல யாருக்கும் நோயே இல்ல.

எங்களுக்கு நெலம் இருந்துச்சு, என் சம்பளம் இருந்துச்சு, தாங்கிக்கிட்டோம். நான் கேக்கறது அந்த அக்கா மாதிரி குடும்பத்துக்காக.

அந்த வருஷம் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2ம் தேதி, ஞாயித்துக்கெழமை. ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாசமும் எல்லா ஞாயிறும் தளர்வில்லாத முழு ஊரடங்கு. காவேரில பதினெட்டுக்கு தண்ணி ஓடுது, படித்துறைல ஒரு ஆள் இல்ல. அம்மா வீட்டு கெணத்தடிலயே மஞ்சக்கயிறு மாத்திக்கிட்டு, காதோலை கருகமணி வெச்சு கும்பிட்டாங்க. அது பரவால்ல, கும்பலா கூடுனா பரவும், அந்த கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒண்ணு, அதுல எனக்கு வருத்தம் இல்ல.

ஸ்டிக்கர் விஷயத்துல 2020 டிசம்பர் 9ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, பேரிடர் மேலாண்மை சட்டத்துல உரிய அதிகாரி தனியா உத்தரவு போட்டா ஒழிய வீட்டு வாசல்ல அப்படி ஒட்ட தேவையில்லன்னு. அதுக்குள்ள ஜனங்களுக்கு மனசுல ஒட்டிருச்சு. நான் சொல்ற முக்கியமான விஷயமே இதுதான். உள்ள இருந்தா கூலி போவும், பால் போவும், பேர் போவும்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டா அடுத்த தடவ ஜுரம் வந்தா யார் வெளிய சொல்லுவா? 2021 மே மாசம் ரெண்டாவது அலை வந்தப்ப எங்க தெருவுல அதான் நடந்துச்சு. வீட்டுக்கு வீடு ஜுரம், கேட்டா "சும்மா சளிதான்", கடைல மாத்திரை வாங்கி போட்டுக்கிட்டு, நர்ஸம்மா வந்தா கதவை சாத்திக்கிட்டு. எங்க பெரியப்பா அப்படி இருந்தவருதான். பெரியம்மா கெஞ்சுனாங்க, "டெஸ்ட்டு எடுத்தா பசங்க எவனும் வேலைக்கு போக முடியாது, உளுந்து அப்படியே களத்துல கெடக்கு"ன்னு சொல்லிட்டாரு. மூச்சு முட்ட ஆரம்பிச்சப்பறம்தான் திருவாரூருக்கு கொண்டு போனோம். ஆக்சிஜன் வெச்சாங்க, டாக்டருங்க தூக்கமில்லாம நின்னாங்க, முடியல. அவர் ஒளிச்சு வெச்சாருன்னு ஊர்ல சிலர் பேசுனாங்க. நோயை ஒளிச்சவரு இல்ல அவரு, பசங்க கூலிய காப்பாத்த பாத்தவரு. அந்த 14 நாள் கூலி வீடு தேடி வரும்னு தெரிஞ்சிருந்தா மொத நாளே டெஸ்ட்டுக்கு போயிருப்பாருன்னு நான் இன்னிக்கும் நம்பறேன். அந்த ஜூன்ல தளர்வு குடுத்தப்ப கூட நம்ம தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நாலையும் தொற்று கொறையாத 11 மாவட்ட லிஸ்ட்ல வெச்சு கட்டுப்பாட்டை நீட்டுனாங்க.

இதுக்கெல்லாம் சட்டத்துல எடம் இல்லன்னு ஒரு அதிகாரி எங்கிட்ட ஒரு தடவ சொன்னாரு. நான் போயி படிச்சு பாத்தேன். 1897ம் வருஷத்து தொற்றுநோய் சட்டம், பம்பாய்ல பிளேக் வந்தப்ப வெள்ளைக்காரன் அவசரமா போட்ட ரொம்ப சின்ன சட்டம், மீறுனா அப்ப இருந்த இந்திய தண்டனை சட்டம் (ஐபிசி) 188ல தண்டனைன்னு சொன்ன அதே சட்டம். அதோட 2வது பிரிவுலயே இருக்கு, நடவடிக்கையால வர்ற செலவை, நஷ்டஈடு இருந்தா அதையும் சேத்து, யார் எப்படி ஏத்துக்கறதுன்னு அரசு முடிவு பண்ணலாம்னு. வெள்ளைக்காரன் எழுதுன சட்டத்துலயே நஷ்டஈடுங்கற வார்த்தை இருக்கு! 2020ல அந்த பிரிவோட மொத பாதிய எடுத்து ஊரை மூடுனோம், அந்த கடைசி வரிய எடுத்து யாருக்கும் எதுவும் குடுக்கல.

இதை பேச வேண்டிய எடம் கிராம சபை. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எல்லாம் அந்த வருஷம் நடக்கல, அக்டோபர் 2க்கு ஏற்பாடு பண்ணி கடைசி நேரத்துல நிறுத்திட்டாங்க. ஊரையே கயிறு கட்டி பிரிச்சதுக்கு அப்பறம் அந்த வருஷம் ஊர் ஒரு தடவ கூட உக்காந்து பேசல.

அதனால வர்ற கிராம சபைல நான் ஒரு தீர்மானம் எழுதி குடுக்க போறேன். இனிமே எந்த நோய்க்காக ஒரு வீட்டை தனிமைப்படுத்தினாலும் அத்தனை நாளுக்கும் நூறு நாள் வேலை கூலி அந்த வீட்டு கணக்குல ஏறணும், பால் மாத்திரை சிலிண்டர் வாங்கி குடுக்க ஊராட்சில ஒரு ஆளுக்கு சம்பளத்தோட பொறுப்பு குடுக்கணும், வாசல்ல எதுவும் ஒட்டக்கூடாது, ரத்த சொந்தத்துல சாவுன்னா எல்லை தாண்ட விஏஓ கையெழுத்தே போதும்னு காரைக்கால் நிர்வாகத்தோட மயிலாடுதுறை கலெக்டர் இப்பவே பேசி எழுதி வெச்சுக்கணும். இந்த நாலுதான். பொறையார், தரங்கம்பாடி, சங்கரன்பந்தல் பக்கம் யாராவது உங்க ஊராட்சிலயும் இதை குடுக்கறதா இருந்தா சொல்லுங்க, தீர்மானத்தை டைப் பண்ணி வெச்சிருக்கேன், ஊர் பேரை மட்டும் மாத்தி அனுப்பறேன்.